வெள்ளத் தண்ணீரில் மூன்று ராஸ்

கடல்மீன் தொட்டி பராமரிக்கும் வேலைக்கு வருகிறவர்களிடம் நான் நன்றாகச் செய்த வேலைகளைச் சொல்வதில்லை. மிஸ்ரியா டீச்சர் வீட்டில் செய்த முட்டாள் வேலையைத்தான் சொல்வேன்.

டீச்சரின் வீடு சாய்ந்தமருதில். கணவர் ஹனீபா காக்கா பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவருடைய கட்டிலுக்கு நேரே நான்கு அடித் தொட்டி ஒன்று வைத்துக் கொடுத்தேன். உயிருள்ள பவளம், அடியில் பொடி மணல், மூன்று ராஸ். ராஸ் என்பது விரல் நீள மீன். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்புப் புள்ளி. ஒரு நிமிடம் சும்மா நிற்காது. அவை ஓடுவதைப் பார்த்துக்கொண்டுதான் மனிதர் கஞ்சிக்கு வாய் திறப்பார்.

மாரி மழையில் மூன்று வாரம் போக முடியவில்லை. மழை விட்டதும் போய்ப் பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுநாள் டீச்சர் போன் எடுத்தார்.

"தம்பி, மூணு மீனையும் காணல்ல."

"மண்ணுக்குள்ள படுத்திருக்கும் டீச்சர். ராஸ் அப்பிடித்தான்."

"இரவைக்குத்தானே படுக்கிற? இப்ப பத்து மணி."

"கைய விட்டுக் கிண்டியிருப்பீங்க. பயந்து போச்சி."

"நான் ஏன் கிண்டப் போறன்? இவர் ரெண்டு கரண்டிக்கு மேல கஞ்சி குடிக்கிறார் இல்ல. மண்ணையே பாத்துக்கிட்டுக் கிடக்கார்."

"நீங்க பள்ளிக்கூடத்தப் பாருங்க டீச்சர். மீன் என்ட வேலை."

போனை வைத்துவிட்டேன். அடுத்த நாளும் எடுத்தார்.

"பவளமெல்லாம் சுருங்கிட்டு. ஏசுறதெண்டா இங்க வந்து ஏசுங்க."

போனேன். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். உப்பு முப்பத்தைந்து இருக்க வேண்டும். இருபத்தேழு காட்டியது. கருவி பழுது என்று நினைத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே இருபத்தேழு. என் கடைக்கு ஓடிப் போய், தொட்டிக்கு ஊற்றியது போக டிரம்மில் மிஞ்சியிருந்த தண்ணீரைப் பார்த்தேன். பத்தொன்பது.

அப்போதுதான் விளங்கியது. என் மச்சானின் வயல் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. வெள்ளம் கடலுக்கு வடியட்டும் என்று மணல் அடைத்த முகத்துவாரத்தை வெட்டினார்கள். நானும் போய் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டவன். அடுத்த நாள் மருதமுனைக் கடற்கரையில் தொட்டிக்கான தண்ணீரைக் கான்களில் நிரப்பினேன். தண்ணீர் கலங்கல். ஒரு நாள் டிரம்மில் விட்டேன், தெளிந்தது. தெளிந்தால் போதும் என்று நினைத்தேன். ஊர் வயல் தண்ணீரெல்லாம் அந்தக் கரையில்தான் நின்றது என்பது என் மண்டைக்கு ஏறவில்லை.

திரும்பி வந்ததும் டீச்சர் கேட்டார்.

"என்ன பிழை?"

"உப்புக் குறைஞ்சி போச்சி."

"யார் குறைச்ச?"

"நான்தான்."

"அப்ப என்ட கை இல்ல."

உப்பை ஒரேயடியாக ஏற்றினால் உயிரோடு இருப்பவையும் செத்துவிடும். தெரிந்த படகுக்காரர் ஒருவரைப் பிடித்து ஆழ்கடல் தண்ணீர் எடுப்பித்தேன். மெல்லிய குழாயில் இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக விட்டேன். மூன்றாம் நாள் காலையில் மஞ்சள் வெளியே வந்தது. பிறகு பச்சை. புள்ளி மீன் மணலுக்குள்ளேயே செத்திருந்தது.

டீச்சர் என்னைக் குசினிக்குள் அடுப்பருகே கூப்பிட்டுச் சொன்னார்.

"அவருக்குச் சொல்லாதீங்க தம்பி. ஒங்கட கடையில புள்ளி ஒண்டு இரிக்கிதானே, அதக் கொண்டு வந்து போடுங்க."

இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது அதுதான். நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் நாள் முழுக்க அந்த மூன்றையும் பார்த்துக் கிடந்தவர். என்னை விட அவருக்குத்தான் அவற்றைத் தெரியும். கட்டிலடிக்குப் போனேன்.

"காக்கா, புள்ளி செத்துப் போச்சி. தண்ணியப் பாக்காம ஊத்தினது நான்."

என்னையே பார்த்தார். இடது கையைத் தூக்கி என் மணிக்கட்டில் ஓர் அடி போட்டார். வலிக்கத்தான் செய்தது. பிறகு டீச்சர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

"கஞ்சியக் கொண்டு வாங்க டீச்சர்" என்றேன்.

முழுக் கோப்பையும் குடித்தார்.

கரைத் தண்ணீரோ படகுத் தண்ணீரோ, ஒரு துளி அளந்து பார்க்காமல் நான் இப்போது ஒரு வாளியும் ஊற்றுவதில்லை. நீங்களும் ஊற்றாதீர்கள். மீனைக் காணவில்லை என்று யாராவது போன் எடுத்தால் கருவியை எடுத்துக்கொண்டு போங்கள். வாயை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.