அக்காவின் கவான்

அக்கா பந்து உருட்டிக்கொண்டிருப்பாள். அவளுடைய செருப்பு என் மடியில் இருக்கும்.

ஈப்போவில் ஒரு பவுலிங் கூடம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே. மற்றச் சனிக்கிழமைகளில் நீச்சல் குளம், இல்லாவிட்டால் ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தில் கேசட் போட்டு ஆட்டம், சாக்கு ஓட்டம், நாற்காலிப் போட்டி. மூளை வளர்ச்சி மெதுவானவர்கள் என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்த இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள். எல்லாருமே வளர்ந்தவர்கள். அக்காவுக்கு அப்போது முப்பத்தொன்று. கூட வருகிற எங்களுக்குச் சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. அதில் அப்பாக்கள், அம்மாக்கள், ஒரு சீனச் சித்தி, பிறகு நான். வயது இருபத்தெட்டு. கை கால் எல்லாம் திடமாக இருந்தும் நான் செய்த ஒரே வேலை, இரண்டு ரப்பர் செருப்புகளைக் கீழே விழாமல் பார்த்துக்கொண்டதுதான்.

ஒருநாள் பொறுக்கவில்லை. இதையெல்லாம் நடத்திவந்த டீச்சரிடம் போய் நின்றேன்.

"டீச்சர், பந்து நேரா உருளுதான்னு நான் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டா?"

அவர் யாழ்ப்பாணத்து வழி வந்த ஓய்வு பெற்ற ஆசிரியை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பந்து வட்டமாத்தான் இருக்கு தம்பி. நீங்கள் போய் இருங்கோ."

போய் இருந்தேன். அக்கா அடுத்த பந்தில் ஏழு கட்டைகளைச் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பெஞ்சே கை தட்டியது. நானும் தட்டினேன், செருப்பால்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பர் போய்ப் பாதி செம்பனையாக மாறிவிட்ட ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சொல்லித்தான் இப்படி ஒரு சனிக்கிழமைக் கூட்டம் இருப்பது அம்மாவுக்குத் தெரிந்தது. முதல் நாள் அம்மா டீச்சரிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

"தையல் கத்துக் குடுப்பீங்களா? கூடை பின்ன?"

"இல்லை அம்மா. விளையாட்டு மட்டுந்தான்."

"முப்பது வயசுப் பொம்பளப் புள்ள, வெளாடறதுக்கா பஸ் ஏறி வரணும்?"

"ஏன், நீங்கள் கலியாண வீட்டுக்குப் போறேல்லையோ? அங்க போய் என்ன வேலை செய்யிறியள்?"

இந்தக் கலியாணக் கணக்கு அம்மாவுக்குச் சரியாகப் பட்டது. அதனால் அக்கா சேர்க்கப்பட்டாள். துணைக்கு நான் அனுப்பப்பட்டேன். நான் சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் கடையில் வேலை செய்தேன். சனிக்கிழமை எனக்கு அரைநாள். அந்த அரைநாளைத்தான் பெஞ்சில் கழித்தேன். அக்கா நீலத் தண்ணீரில் மிதவை கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். நான் நீச்சல் கற்றதோ ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டையில், அட்டைகளோடு. அக்காமேல் பொறாமைப்படுவது அழகில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பட்டேன்.

இந்த நிலையில்தான் கடல் வந்தது.

டீச்சர் ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் அறிவித்தார். லூமுட்டுக்குப் பஸ், அங்கிருந்து படகில் பங்கோர் தீவு, நாள் முழுக்கக் கடற்கரை. ஒவ்வொருவரும் கூட ஒருவரை அழைத்து வரலாம். நான் பேரா மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவன். லூமுட் எங்களுக்கு இரண்டு மூன்று மணி நேரம். இருந்தும் இருபத்தெட்டு வயது வரை கடலைக் காலண்டரில் மட்டுமே பார்த்திருந்தேன். அந்த வாரமே பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு நீச்சல் காற்சட்டை வாங்கினேன். ஆரஞ்சு நிறம், இடுப்பில் வெள்ளைக் கோடு. கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கேயிடம் முழுநாள் லீவு கேட்டுவிட்டேன். அவரும் பங்கோர் நெத்திலி ஒரு பொட்டலம் வாங்கி வரும்படி சொல்லிவிட்டார். தோட்டத்தில் யாரைப் பார்த்தாலும், "சனிக்கெழம நான் இருக்க மாட்டேன், கடலுக்குப் போறேன்" என்று, கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

பிறகுதான் விண்ணப்பப் பாரம் வந்தது. மலாயில் தட்டச்சு செய்த ஒரு தாள். மேலே போகிறவர் பெயர். கீழே ஒரு கட்டம்: 'கவான்'. அதாவது கூட்டாளி. காவலர் என்றோ குடும்பம் என்றோ போட்டிருக்கலாம். யாரோ ஒரு புண்ணியவான் கவான் என்று போட்டுவிட்டார். டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாரத்தை எங்களிடம் தரமாட்டார். ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்து, கேட்டு, அவர்கள் சொல்வதையே எழுதுவார்.

"உங்கட கவான் ஆர் பிள்ளை? ஆரைக் கூட்டிக்கொண்டு வரப் போறியள்?"

நான் பின்னால் நின்று, என் பெயரின் எழுத்துகளைச் சரியாகச் சொல்வதற்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"லோரி," என்றாள் அக்கா.

தோட்டத்து லோரி ஓட்டுகிறவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். நான் ஆசைப்பட்ட எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் போய் நின்றவன். பந்து விளையாட்டில் கோல் காக்கும் இடம், தோட்டத்து லோரி வேலை, நல்ல மீசை, எல்லாம் அவனுக்கு. இப்போது இதுவும். அதிலும் கொடுமை, அவன் கடலைப் பார்த்தவன். லூமுட் பக்கத்துச் சித்தியவானுக்கு லோட் ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் பார்த்தவன்.

"அக்கா, நான் இருக்கேன்லா!" என்றேன்.

அக்கா திரும்பி, கூட்டல் கணக்கில் தப்புச் செய்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நீ தம்பி. டீச்சர் கவான் கேட்டாங்க."

"தம்பியும் கவான்தான் டீச்சர். சொல்லுங்க," என்று மேல்முறையீடு செய்தேன்.

"உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை தம்பி," என்று சொல்லிவிட்டு, என்னிடமே கேட்டு லோரிக்காரன் பெயரை முழுசாக எழுதினார். பிறகு அந்தத் தாளை என் கையிலேயே கொடுத்தார். "அவரிட்டக் கையெழுத்து வாங்கி, வாற வெள்ளிக்கிழமைக்குள்ள டிரஸ்ஸரிட்டக் குடுங்கோ. அவர் கொண்டுவந்து தருவார். பிந்தினால் ரெண்டு இடமும் வேற ஆக்களுக்குப் போயிடும்."

தாள் என் சட்டைப் பையில் இருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய். அக்கா சாயங்காலம் ஆனதும் கேட்பாள்: "குடுத்தியா?"

"அவன் வீட்ல இல்ல அக்கா."

அவனுடைய லோரி எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, யானை மாதிரி நின்றுகொண்டிருக்கும். அக்கா லோரியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். நான் தாளைக் கிழிக்கவில்லை என்பதை என் நல்ல குணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். துவைக்கும் சட்டையில் மறந்து விட்டுவிடலாமா என்று யோசித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை வேலை விட்டு வந்தபோது லோரியின் நிழலில் சத்தம். அவிழ்த்துப் போட்ட சாக்கின்மேல் அக்காவும் அவனும் 'கழுதை' ஆடிக்கொண்டிருந்தார்கள். கையில் கடைசியாகச் சீட்டு மிஞ்சுகிறவர் கழுதை. கழுதை கத்தியாக வேண்டும். நான் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் நின்றேன்.

"அக்கா, களவாணித்தனம் பண்ணாதீங்க! ஸ்பேட் வச்சிக்கிட்டே இல்லங்கிறீங்க!" என்று அவன் கத்தினான்.

"நீதான் களவாணி! நீ கழுத!"

"காட்டுங்க கைய! காட்டுங்கலா!"

அக்கா சீட்டுகளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். எங்கள் வீட்டில் யாரும் அவளைக் களவாணி என்று சொன்னதில்லை. அவளோடு சண்டை போட்டதில்லை. சாப்பிட்டியா, குளிச்சியா, வெயிலில் நிக்காதே, இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவனோ ஆட்டத்தில் தோற்றதற்கு உண்மையாகவே முகம் சிவந்து, சாக்கை உதறிவிட்டு, தண்ணீர்க் குழாய் வரை போய்க் கழுதையாகக் கத்திவிட்டு வந்தான்.

இதென்ன பெரிய வித்தை என்று மறுநாள் நானும் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்தேன். நோக்கம் சுத்தமானது: லஞ்சம். நல்ல சீட்டையெல்லாம் பிடித்துவைத்து, வேண்டுமென்றே தோற்றேன். இரண்டாவது ஆட்டத்திலேயே அக்கா சீட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

"நீ வெளாடல."

"தோத்துட்டேன்லா அக்கா, நீதான் ஜெயிச்ச!"

"நீ சும்மா தோக்குற. லோரி வெளாடுவான்."

எழுந்து போய்விட்டாள். தோற்பதில்கூட அவன்தான் முதல்.

வியாழன் சாயங்காலமே தாளைக் கொண்டுபோய் அவனிடம் நீட்டினேன். அவன் படித்தான். என்னைப் பார்த்தான். என் காற்சட்டையின் ஆரஞ்சு நிறம் வரை தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"மச்சான், நீயே போயிட்டு வாலா. நான் எத்தனையோ வாட்டி பாத்த கடலு. எனக்கு லோட் இருக்குன்னு அக்காகிட்ட சொல்லிடுறேன்."

நாகரிகமான ஒருவன் 'ச்சே, அதெல்லாம் வேணாம்' என்று ஒரு தடவையாவது சொல்லியிருப்பான். என் வாய் "சரி" என்றது. அவன் முடிக்கும் முன்பே சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவன் எங்கள் வாசலுக்கு வந்து அக்காவிடம் சொன்னான். அக்கா சனிக்கிழமைக்கான உடுப்பை ஏற்கெனவே மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தாள். அது அவள் மடியில் இருந்தது.

"சனி லோட் இல்ல," என்றாள். "வெள்ளிதான் லோட்."

தோட்ட ஆபீஸைவிட அவளுக்கு லோரியின் கணக்கு நன்றாகத் தெரியும். அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு எங்கோ பார்த்தேன். அக்கா பையைத் திறந்து உடுப்பை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். துண்டு, பாவாடை, சட்டை. எடுத்துக்கொண்டு உள்ளே போய் அலமாரியில் வைத்தாள்.

"நா போல," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அழுகை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

உள்ளே போனேன். "அவனுக்கு லோட் இல்ல அக்கா. நான் போணும்னுதான் அவன் அப்படி சொன்னான். நானும் சரின்னுட்டேன்."

அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பவுலிங் பழகிய கை. நெருப்பாக எரிந்தது. பிறகு அலமாரியிலிருந்து உடுப்பைத் திரும்ப எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். வெளியே லோரியின் முகப்பில் தாளை வைத்து அவன் கையெழுத்துப் போட்டான். வெள்ளி காலை நானே டிரஸ்ஸரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு நல்ல வார்த்தைகூடப் பேசாமல்.

சனிக்கிழமை அவர்களை ஈப்போவில் பஸ் ஏற்றிவிட்டேன். லீவு வேறு எடுத்தாகிவிட்டதே. அம்மாவும் அவளைத் தனியே விடாதே என்று சொல்லியிருந்தாள். எட்டு மணி நேரம் ஈப்போவில் நடந்தேன். மூன்று கடையில் கோப்பி குடித்தேன். பங்கோர் நெத்திலியை ஈப்போ சந்தையிலேயே தவுக்கேவுக்கு வாங்கினேன். ஆறு மணிக்கு வரவேண்டிய பஸ்ஸுக்கு நான்கு மணிக்கே மண்டப வாசலில் நின்றேன்.

அக்கா முதல் ஆளாக இறங்கினாள். மூக்கு கறுத்திருந்தது, தலைமுடியில் மணல். பின்னால் இறங்கிய அவனோடு பேசவில்லை. அவளுடைய ஒரு செருப்பை அவன் அலையில் விட்டுவிட்டானாம்.

"நானா விட்டேன்? நீங்கதான் தூக்கிப் போட்டீங்க!"

"நீதான்!"

சுங்கை சிப்புட் பஸ்ஸில் அவனைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சிம்மோர் நிறுத்தம் வருவதற்குள் கேட்டுவிட்டேன்.

"கடல் எப்படி அக்கா?"

"பெருசு." கையை விரித்தாள், முன்னால் இருந்தவர் தலையில் பட்டது. "தண்ணி உப்பு. என்ன தள்ளுச்சி. நான் திருப்பித் தள்ளுனேன்." பிறகு என் முகத்தைக் கிட்டவந்து பார்த்தாள். கண் சுருங்கி, உதடு மெல்ல விரிந்தது. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் அவளிடம் பார்த்ததில்லை. "நீ பாக்கல."

"பாக்கல."

"ஒனக்கு வயித்தெரிச்சல்."

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட எத்தனையோ இருந்திருக்கும். பள்ளிக்கூடம், சைக்கிள், சம்பளம். அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இன்றைக்கு அவள் முறை. விடுவாளா?

"ஆமா அக்கா. ரொம்ப."

அவளுக்கு அது போதவில்லை. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"என் தம்பிக்கு வயித்தெரிச்சல்!"

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேஸ்டிரிக்காண்ணே? வெறும் வயித்துல கோப்பி குடிச்சிங்களா?"

"மூணு," என்றேன்.

"அதான். போனதும் ஓமத்தண்ணி குடிங்க, கேட்டுரும்."

பின் இருக்கையில் லோரிக்காரன் சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தான். அக்கா ஒற்றைச் செருப்புக் காலை ஆட்டிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் ஏறப்போகிறவர்களுக்காகக் காத்திருந்தாள்.