கதவைத் தின்ற விருந்து

எங்கள் சேலம் வீட்டில் எல்லாவற்றுக்கும் அறை இருந்தது. நெல்லுக்கு ஓர் அறை. கடலைக்காய் மூட்டைக்கு ஓர் அறை. என் கணவரின் மண்டிக்கு வரும் வியாபாரிகள் உட்கார்ந்து வெற்றிலை மென்று ஊர்க்கதை பேச ஓர் அறை. பெண்கள் குளிப்பதற்கு மட்டும் கொல்லைப்புறத்தில் நாலு பனையோலைத் தட்டி. மேலே வானம், கீழே சேறு. ஆண்களுக்கு அந்தக் கவலை கிடையாது. கோவணத்தைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி தொண்டையைக் காறிக்கொண்டு, சுகமாகக் குளிப்பார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்து வீட்டு அரிசி வியாபாரி கையில் காசு புரண்டு, வீட்டின்மேல் மாடிமெத்தை எடுத்துக் கட்டினாரே, அன்றைக்குப் பிடித்தது சனியன். கிழக்கே அவர்களுடைய மொட்டைமாடி. அதற்கு நேர் கீழே எங்கள் தட்டி. அந்த வீட்டு ஆண்பிள்ளைகளுக்குப் பல் விளக்க இந்தச் சேலம் ஜில்லாவில் வேறு இடமே அகப்படவில்லை. வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு மாடியில் வரிசையாக நிற்பார்கள். அதனால் நான் கோழி கூப்பிடும் முன்பே எழுந்து இருட்டில் தடவித் தடவிக் குளித்தேன். சோப்பு என்று நினைத்துத் தவளையைப் பிடித்த நாளும் உண்டு.

ஐரோப்பாவில் சண்டை மூள்வதற்குக் கொஞ்சம் முன்பு, என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ராசிபுரத்துப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண். வாயில்லாப் பூச்சி. தாய்வீடு என்று பேர்தான். என் மாமியார் காலமாகி வருஷம் பல ஆகியிருந்தது. ஆகவே அவளுக்கு அம்மா, அண்ணி எல்லாம் நான்தான்.

பிள்ளை பெற்றவளை இருட்டில், பனியில் குளிக்க வைக்க முடியாது. வெயில் ஏறிய பிறகு மணையில் உட்கார வைத்து, நொச்சித் தழை போட்டுக் கொதித்த வெந்நீரை ஊற்ற வேண்டும். எழுந்து நிற்கத் தெம்பில்லாத பச்சை உடம்புக்காரி, மாடி மொத்தமும் பார்க்க அங்கே உட்கார்வதா? அவளே ஒருநாள் என் காதோடு சொன்னாள். "நங்கை, எனக்கு வலியக்கூடப் பயமில்லீங்க. பகல்ல அந்தத் தட்டிக்குள்ள எப்பிடி உக்காருவேன்னுதான் பயமா இருக்குது." அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று மாலையே மாமனார், கணவர் இருவரிடமும் போய் நின்றேன். "நாலு சுவரு, ஒரு கூரை, ஒரு கதவு. புள்ள பொறக்கறதுக்குள்ள வேணுமுங்க" என்றேன். மாமனார் உடனே சம்மதித்துவிட்டார். "அம்மிணி சொல்றது ஞாயந்தான். எரநூறு ரூவா ஒதுக்கீரலாம்." அவர் எதற்கும் உடனே சம்மதித்து நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து திட்டம் போட ஆரம்பித்தார்கள். ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதைதான். அந்த அறையில் ஒருநாளும் குளிக்கப்போகாத இரண்டு பேர், அது எப்படி இருக்க வேண்டும் என்று வெற்றிலைத் தட்டு காலியாகிற வரைக்கும் பேசினார்கள். குளிக்கப்போகிற இரண்டு பேரும் அவர்களுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தக் காப்பிச் செலவை இருநூறு ரூபாயில் சேர்க்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

முதலில் மனையடி சாஸ்திரம் வந்தது. ஏழடி அகலம் வைத்தால் தரித்திரம், ஆறடி வைத்தால் நன்மை என்றார் மாமனார். ஆறடி நன்மையில் அண்டாவும் அடுப்பும் போக மனுஷி திரும்ப இடம் இருக்குமா என்று கேட்டேன். திரும்புவானேன் என்றார். அடுத்தது வாசல். வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"மாமா, கெழக்க அந்த ஊட்டு மெத்தைங்க. தெறந்தா நேரா அங்கதான் தெரியும்" என்றேன்.

"மேக்க பாத்த வாசல்ல லச்சுமி தங்க மாட்டா அம்மிணி."

குளிக்கிற இடத்தில் லட்சுமி எதற்குத் தங்க வேண்டும்? வந்தவள் குளித்துவிட்டுப் போகட்டுமே! ஆனால் மாமனாரிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? என் கணவரைப் பார்த்தேன். அவர் மேலே விட்டத்தைப் பார்த்தார். "அதுதான் கதவு போடப்போறமே, எங்க பாத்தா என்ன?" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. கதவு போட்டிருந்தால்.

சுவர் எழும்பியது. நல்ல செங்கல், நல்ல சுண்ணாம்பு, மேலே சீமை ஓடு. குறை சொல்லக் கூடாது. அந்த நேரம் பார்த்து என் கணவருக்கு நாகரிகம் தலைக்கேறியது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகிறார், சாமான்களை ஏலம் போடுகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினார். முகம் கழுவும் பீங்கான் தொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மலையிலிருந்து அதை இறக்கிய வண்டிக்கூலியில் இன்னொரு சுவர் எழுப்பியிருக்கலாம். தொட்டியின் அடியில் ஓட்டை. மேலே குழாய் வேண்டும், எங்கள் வீட்டில் குழாய் இல்லை. கிணற்றில் இறைத்த தண்ணீரை மேலே ஊற்றினால் அது கீழே காலில் கொட்டியது.

"இதுல எப்பிடிங்க மூஞ்சி கழுவறது?" என்று கேட்டேன்.

"துரையெல்லாம் கழுவலியா?" என்றார்.

துரைக்குக் குழாய் இருந்தது, எனக்கு நீங்கள் இருக்கிறீர்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இத்தனைக்கும் பிறகு கதவுக்குப் பணம் மிச்சம் இருந்தது. ஆசாரியும் வந்து அளவு எடுத்துக்கொண்டு போனார். நாத்தனாருக்கு நிறைமாதம். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில்தான் மாமனார் அந்த வெந்நீர் அடுப்பைப் பார்த்தார். அண்டா வைப்பதற்காகக் கொத்தனார் மூலையில் கட்டிய அடுப்பு. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். அவர் யோசித்தால் குடும்பத்துக்கு ஆகாது.

"புதுசா ஒரு அடுப்புப் பத்த வெச்சாப் பால் பொங்க வெக்கோணும். பால் பொங்கினாப் பங்காளிகளுக்குச் சொல்லோணும்" என்றார்.

"மாமா, அது தண்ணி காய வெக்கற அடுப்புங்க!"

"சோத்தடுப்பென்ன, தண்ணியடுப்பென்ன? நெருப்பு ஒண்ணுதான அம்மிணி? எங்க ஐயன் மாட்டுக்கொட்டாய் கட்டினப்ப ஒரு பங்காளிக்குச் சொல்லாம உட்டுட்டாரு, அந்த ஊட்டுச் சனம் ஒரு தலைமொறைக்கு நம்ம வாசப்படி மிதிக்கல. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நாலு பேரு வேண்டாமா?"

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஜனத்தில் பங்காளிக்குச் சொல்லாமல் வீட்டில் பூனை குட்டி போட்டால்கூட மனஸ்தாபம் வரும். ஆனாலும் உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது குளிக்கிற அறைக்குப் பால் காய்ச்சி, பந்தி போட்டிருப்பார்களா? கதவுப் பணம் போய்விடுமே என்றேன். மொய் வரும், அதில் ஒன்றுக்கு இரண்டு கதவு போடலாம் என்றார் மாமனார். கணக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பக்கத்து வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. "பங்காளிகளுக்கே சோறு பத்தாது, அவியளுக்கு எதுக்கு?" என்றுவிட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மெத்தை கட்டி எங்கள் மானத்தை வாங்கினவர்களுக்குச் சோறு வேறு கேடா?

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாய் வந்து இறங்கினார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பது நினைவிருந்தவர்கள் அவளை உட்காரச் சொன்னார்கள். மற்றவர்கள் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். அடுப்பில் பால் பொங்கியது. சோறு, பருப்பு, நெய், ஒப்பிட்டுப் போளி என்று இலை நிறைந்தது, காலியானது, மறுபடியும் நிறைந்தது. கடைசியில் மொய்க்கு வெற்றிலைத் தட்டை வைத்தார் மாமனார். கல்யாணத்துக்கு உண்டு, காதுகுத்துக்கு உண்டு, குளிக்கிற அறைக்கு மொய் வைக்கிற வழக்கம் நம் குலத்தில் இல்லையே என்று பங்காளிகள் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். சாப்பிடுகிற வழக்கம் மட்டும் இருந்தது போலிருக்கிறது.

பங்காளிகளில் மூத்தவர் ஏப்பம் விட்டுக்கொண்டே கொல்லைக்குப் போய் அறையைச் சுற்றிப் பார்த்தார். "ரூம்பு நல்லாத்தான் இருக்குது. கதவெங்கடா?" என்று மாமனாரைக் கேட்டார்.

"ஆசாரிகிட்டச் சொல்லியிருக்குதுங்க. வந்துக்கிட்டே இருக்குது."

எச்சில் இலைகளை அள்ளிக்கொண்டு நான் அந்தப் பக்கம் போனேன். "வந்துருச்சுங்க பெரிய மாமா. இப்பத்தான எல்லாரும் சாப்ட்டு முடிச்சீங்க" என்றேன். நான் ஒப்பிட்டைச் சொல்கிறேன் என்று நினைத்து, "ஆமா, நெய் வாசம் கையில நிக்குது" என்று பாராட்டிவிட்டுப் போனார். மாமனாருக்குப் புரிந்தது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது ஒன்றுதான் அந்த விருந்தில் எனக்குக் கிடைத்த லாபம்.

பேச்சு வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. ஆண் குழந்தை, தாயும் சேயும் சுகம். மருத்துவச்சி வந்து, இன்ன நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு வரவில்லை. பணம் கொடுக்காத கதவு எப்படி வரும்? கடலைக்காய்ப் பணம் தை மாதம் வரட்டும் என்றார் மாமனார். வாசலில் ஒரு சேலையைக் கட்டிக்கொள்ளலாமே என்றார் என் கணவர். கட்டிப் பார்த்தேன். காற்றடித்தால் அது எங்கள் பக்கமா மாடிப் பக்கமா என்று இல்லாமல் பறந்தது. பழைய தட்டியையாவது திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று தேடினால், பந்திக்கு அடுப்பெரிக்க அதையும் உடைத்திருந்தார்கள். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா!

வேறு வழி? குமாரபாளையத்திலிருந்து வந்த கெட்டி ஜமுக்காளம் ஒன்று வீட்டில் இருந்தது. அதை விரித்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலில் மாடிக்கு எதிரே நானே நின்றேன். உள்ளே மருத்துவச்சி தண்ணீர் ஊற்றினாள். தோள்பட்டை விட்டுப்போகிற வலி. ஜமுக்காளம் கொஞ்சம் தாழ்ந்தால் உள்ளேயிருந்து நாத்தனார், "நங்கை, நங்கை" என்று பதறுவாள். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அத்தனை பேர் பிறந்து வளர்ந்த வீட்டில், பெற்ற வயிற்றை மூடிக்கொண்டு அவள் அப்படிக் குறுகி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

அடுத்த முறை தண்ணீர் ஊற்றுகிற அன்று, மாடியில் ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. திட்டுவதற்குத் தயாராகத்தான் நிமிர்ந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் நின்றாள். அதட்டி ஆண்பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டு, எங்கள் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் நெடுகக் கொடி கட்டி, அதில் சேலைகளைப் போட்டாள். ஒன்றோடு ஒன்று முட்டும்படி, இடைவெளியே இல்லாமல் போட்டாள். ஒரு சேலையும் நனைந்திருக்கவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக்கூடக் கலையவில்லை. அதில் ஒன்று கூறைச்சேலை. காய்ந்த சேலையை யாராவது காயப் போடுவார்களா? என்னை ஒரு தரம்கூடப் பார்க்காமல் வேலையை முடித்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

நான் ஜமுக்காளத்தைக் கீழே போட்டேன். கிணற்றடிக்கு வந்த மாமனார் மாடியை அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு விஷயம் பிடிபட்டது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட, பரவால்லியே! அந்தம்மா நல்ல காரியம் பண்ணிருச்சு. அப்பக் கதவுச் செலவு மிச்சம் அம்மிணி!"

நான் வாயைத் திறப்பதற்குள் அறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஐயா" என்றாள் நாத்தனார். அப்பாவுக்கு எதிரே நின்று பேசி அறியாத பெண். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றுவிட்டது.

"அந்த ஊட்டம்மா நம்மூட்ல ஒரு வாய் சோறு உங்கலீங்க. நா பாவம்னு அவிய கூறைச்சீலையக் கொண்டாந்து கட்டறாங்க. அது உங்களுக்கு மிச்சமுங்களா? நா உங்க மகளுங்களா, அவிய மகளுங்களா?"

மாமனார் கையில் இருந்த சொம்பைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடாமல், வெறுங்காலோடு தெருவில் இறங்கி நடந்தார். உச்சி வெயிலுக்கு முன்பு ஆசாரியும் கதவும் ஒரே வண்டியில் வந்தார்கள். தை மாதம் வரப்போகிற பணம் அன்றைக்கே எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கதவு மாட்டி முடிகிற வரையில் மாமனார் அங்கேயே நின்றார். தாழ்ப்பாளைத் தன் கையாலேயே போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தார்.

அடுத்த முறை தண்ணீர் வார்க்கும்போது நாத்தனார் மருத்துவச்சியையும் வேண்டாம் என்றாள், என்னையும் வேண்டாம் என்றாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. மயங்கி விழுந்துவிட்டாளோ என்று பயந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

"என்ன அம்மிணி பண்ற?"

"ஒண்ணும் பண்ணலீங்க நங்கை. சும்மா உக்காந்திருக்கறனுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உக்காரு, உக்காரு" என்றேன்.