இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். நல்ல பனி. தெருமுனை டிரான்ஸ்பார்மர் கண்ணுக்குத் தெரியவில்லை, உறுமல் மட்டும் கேட்டது. அந்தப் பனிக்குள்ளிருந்து இரண்டு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எங்கள் வாசலில் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே டர்போ எஞ்சின். ஒன்றில் மூன்று பெடல், மற்றதில் இரண்டு.

அப்போது எனக்கு அறுபத்தொன்பது வயது. வாசலில் நின்றவையோ, பையன்கள் போட்டிக்கு ஓட்டிப் பார்த்து வீடியோ போடுகிற ரகம். எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு வெளியே வந்தவர், "இன்னா சார், ரேஸுக்கா?" என்றார். இல்லை, பயத்துக்கு என்று சொன்னால் அவருக்குப் புரிந்திருக்காது.

உண்மை அதுதான். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் கரும்பு டிராக்டர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டி வலப்பக்கம் ஏறியதும் நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவேன். மறுபடி இடப்பக்கம் வரும்வரை எண்ணுவேன். பதினாலு வருடமாக வைத்திருந்த சின்ன காருக்கு ஒரு டிராக்டரைத் தாண்டப் பதினொன்று எண்ண வேண்டும். பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒருநாள் பதிமூன்று வரை போய்விட்டது. எதிரே பஸ். டிராக்டர்காரன் மண்ணில் இறக்கி வழிவிட்டதால் பிழைத்தோம். பக்கத்தில் இருந்த என் மனைவி வீடு வரும்வரை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சென்னையில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் பேசிவிட்டாள்.

அந்தப் பதிமூன்றை ஐந்தாக்கக்கூடிய வண்டி வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறோமோ அவ்வளவு நல்லது. அதற்கு எஞ்சினில் பலம் வேண்டும்.

மகள் இதை ஒரேயடியாக மறுக்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"வாங்கிக்குங்கப்பா. ஆனா கிளட்ச் மிதிக்கிற வண்டி வேணாம். அந்த முட்டிய வெச்சிக்கினு எத்தினி நாளைக்கு மிதிப்பீங்க? ஆட்டோமேடிக் ஓட்ட முடிஞ்சா ஓட்டுங்க. அதுவும் முடியலன்னா வூட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. பேசக் கூடாது."

'இங்க' என்றால் சென்னையில் ஒன்பதாவது மாடி. ஒருமுறை போய்ப் பதினெட்டு நாள் இருந்தோம். மனைவி பத்தொன்பதாம் நாள் விடியும் முன்பே பையைக் கட்டி வைத்திருந்தாள்.

எனக்கு நம்பிக்கை கிளட்ச் உள்ள மூன்று பெடலில்தான். பீங்கான் ஆலையின் பேக்கிங் பிரிவில் முப்பத்தொரு வருடம் எண்ணிக்கை பார்த்தவன் நான். என் கையில் இருப்பதைத்தான் நம்புவேன். இரண்டு பெடல் வண்டியில் இருக்கிற இந்த டூயல் கிளட்ச் சமாசாரத்தைப் படித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களைப் பார்த்துக்கொள்ளும், மற்றது இரட்டைப்படை கியர்களை. மூன்றாவதில் ஓடும்போதே நான்காவது தயாராக நிற்கும். ஒன்று விடுகிற நேரத்தில் மற்றது பிடிக்கும். கணக்காகப் பார்த்தால் அழகான ஏற்பாடு. ஆனால் பிடிப்பதும் விடுவதும் என்னைக் கேட்காமல் நடக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே சாலையில், ஒரே காலையில் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்வேன் என்றேன். கடலூர் ஷோரூமிலிருந்து விற்பனைக்காரரும் இன்னொருவரும் ஆளுக்கொன்றாக ஓட்டி வந்திருந்தார்கள். இன்னொருவர் டீக்கடைக்குப் போய்விட்டார்.

முதலில் மூன்று பெடல். விற்பனைக்காரர் என் பக்கத்தில், மனைவி பின்சீட்டில். ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி உளுந்தூர்பேட்டை சாலையைப் பிடித்தோம். பனி கலைந்துகொண்டிருந்தது. முதல் கரும்பு டிராக்டர் வந்தது. மூன்றாவதுக்கு இறக்கி அழுத்தினேன். ஆறு எண்ணுவதற்குள் இடப்பக்கம் வந்துவிட்டேன். இதுதான், இதுவேதான் என்று மனம் சொன்னது. ஆனால் போய்த் திரும்பி வாசலுக்கு வருவதற்குள் கிளட்சை எழுபத்திரண்டு முறை மிதித்திருந்தேன். ஐம்பதுக்கு மேல் இடது முட்டி தையல் மெஷின் ஊசிபோல ஆடியது. இடது கையைத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டேன். விற்பனைக்காரர் கவனிக்கவில்லை.

"எப்படி சார்?"

"அருமை."

மனைவி அதற்குள் இறங்கிப் போய் இரண்டாவது வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது வண்டியில் ஏறும்போது அவர் ஒரே ஒரு புத்தி சொன்னார். "மேட்டுல மட்டும் ஆஃப்ல நிறுத்தாதீங்க சார். இந்த வண்டிக்கு ஆவாது."

எனக்கு நெரிசலில் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும் வழக்கம் உண்டு. பெட்ரோல் மிச்சம். அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

இடது காலுக்கு வேலை இல்லை. அதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஆனால் டிராக்டர் வந்தபோது நான் ஒன்றும் செய்யவில்லை, வலது காலை அழுத்தினேன், அவ்வளவுதான். கியர் மாறியது சத்தத்தில்தான் தெரிந்தது. நாலே எண்ணிக்கை. எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது.

திரும்பும்போது மேம்பாலத்தில் நெரிசல். மேலே ஒரு கரும்பு லாரி பழுதாகி நின்றுவிட்டது. ஏற்றத்தின் நடுவில் நாங்கள். எங்களுக்குப் பின்னால், ஒரு கை தூரம்கூட விடாமல், ஒரு லோடு ஆட்டோ. வைக்கோல் வைத்துக் கட்டிய ஊறுகாய் ஜாடிகள் மூன்று அடுக்கு; கண்ணாடியில் பார்த்தேன்.

எஞ்சினை ஆஃப் செய்யக் கூடாது என்று அவர் சொன்னது நினைவிருந்தது. செய்யவில்லை. முப்பது வருடப் பழக்கம் கைகொடுத்தது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக மிதித்தால் வண்டி பின்னால் போகாமல் அந்தரத்தில் நின்றது. மூன்று பெடல் வண்டியில் கிளட்சைப் பாதி விட்டுப் பிடிப்போமே, அதேபோல. இங்கே கால்கூட வலிக்கவில்லை. முன்னே இருந்த வண்டி ஓரடி நகரும், நானும் ஓரடி நகர்ந்து மறுபடி அப்படியே பிடித்து நிறுத்துவேன். பத்து நிமிடம் போயிருக்கும். விற்பனைக்காரர் போனில் யாரிடமோ கடன் வட்டி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு வாடை. சூளையில் தீ சரியில்லாத நாளில் வருமே, அதுபோலக் காய்ந்த வாடை. பிறகு 'டிங், டிங்' என்று மணி. எதிரே சிவப்பில் ஏதோ எழுத்து. கண்ணாடியைப் போட்டுப் படிப்பதற்குள் வண்டி பின்னால் நழுவியது. ஆக்சிலேட்டரை அழுத்தினேன். எஞ்சின் கத்தியது, சக்கரத்துக்கு ஒன்றும் போகவில்லை. இன்னும் அழுத்தினேன். இன்னும் நழுவியது.

"சார், பிரேக்! பிரேக்!"

எனக்குக் காதில் விழுந்தது, காலுக்கு விழவில்லை. வலது கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது. இடது கால்தான், இல்லாத கிளட்சைத் தேடிப் பாய்ந்து, அகலமான பிரேக் பெடல்மேல் முழு பலத்தோடு விழுந்தது. முட்டியில் ஆணி அடித்ததுபோல வலி. வண்டி நின்றது. ஆனால் அதற்கு முன்பே பின்னால் 'டம்' என்று கேட்டது. அதைத் தொடர்ந்து, என் வாழ்க்கையில் எத்தனையோ முறை கேட்ட அந்த ஓசை. பீங்கான் தார்ச்சாலையில் விழுகிற ஓசை.

லோடு ஆட்டோக்காரர் என் கதவைத் திறந்துவிட்டார். "யோவ் பெருசு! பின்னாடி ஆள் இருக்குறது தெரியல? இந்த வயசுல இது இன்னா வண்டி உனக்கு? பதினாலு ஜாடி போச்சுய்யா!"

கீழே இறங்கினேன். கால் தரையில் ஊன்றவில்லை, ஆனாலும் அவர் சொன்ன பதினாலை என்னால் விட முடியவில்லை. உடைந்து கிடந்தது ஐந்து. வைக்கோலில் சரிந்திருந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் தூக்கி விரல் முட்டியால் தட்டினேன். 'ணங்' என்றால் நல்லது. 'தொப்' என்றால் உள்ளே கீறல், உப்பு வைத்தால் ஒருநாள் கசியும். இரண்டு தொப் என்றது.

"ஏழு," என்றேன்.

அவரும் ஒன்றிரண்டைத் தட்டிப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஃபேக்டரில இருந்தீங்களா? சரி, ஏழுக்கே குடுங்க. ஜாடி எரநூத்தி இருவது."

விற்பனைக்காரர் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு முகம் வெளிறி நின்றார். "நான்தான் சொன்னேனே சார், மேட்டுல ஆஃப்ல நிறுத்தாதீங்கன்னு!"

"நான் எங்கப்பா ஆஃப் பண்ணேன்? எஞ்சின் ஓடிக்கினேதான இருந்துது!"

"அந்த ஆஃப் இல்ல சார். ஆஃப் கிளட்சு. பாதி! ஆக்சிலேட்டர்ல பிடிச்சி நிறுத்துனா கிளட்சு தேய்ஞ்சி சூடாயிடும். ரொம்ப சூடானா அதுவே விட்டுடும்."

எங்கள் ஊரில் அணைப்பதும் ஆஃப், பாதியும் ஆஃப். 'ஹா' என்று எவரும் வாயைத் திறப்பதில்லை. அவர் எதைச் செய்யாதே என்றாரோ அதையே பத்து நிமிடம் பொறுப்பாகச் செய்திருக்கிறேன்.

பின்சீட்டிலிருந்து என் மனைவி இறங்கினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "டீக்கடைல ஆஃப் டீ கேட்டா அடுப்ப அணைச்சிடுவானா? முப்பது வருசமா ஆஃப் டீதான குடிக்கிறீங்க?" என்றாள். லோடு ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாவது மாடியின் ஜன்னல் கம்பிதான் கண்முன் வந்தது.

வண்டி ஆறட்டும் என்று பாலத்தின் ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். விற்பனைக்காரர் மெதுவாக, "அப்ப சார், கியர் வண்டியே புக் பண்ணிடலாம். உங்களுக்கு அதான் பழக்கம்," என்றார். நான் "ஆமாம்" என்று வாயெடுத்தேன்.

"வேணாம். இதுதான்," என்றாள் மனைவி.

"இப்பதான பார்த்த?"

"அதயும் பாத்தேன். உங்க கால் ஆடுனத, நீங்க கைய வெச்சி அமுக்குனத, எல்லாம் பின்னாடிலருந்து தெரிஞ்சிது. வார்த்தைய தப்பா புரிஞ்சிக்கினா திருத்திக்கலாங்க. முட்டிய எங்க கொண்டு போயித் திருத்தறது? மேட்டுல பிரேக்க மிதிச்சிக்கினு நிக்க உங்களால முடியும். நான் அந்த மாடிக்குப் போவ மாட்டேன்."

மகளுக்கு அவளே போன் செய்தாள். ஆஃப் குழப்பத்தையும் ஜாடி உடைந்ததையும் மறைக்கவில்லை. "அப்பாகிட்ட குடும்மா," என்றது போன். "மேட்டுல எது ஆஃப்னு புரிஞ்சிதா இப்ப?"

"புரிஞ்சிது."

"ஒரு மாசம். அம்மா பக்கத்துல இல்லாம ஓட்டக் கூடாது."

இந்த மூன்று மாதமாக இடது கால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறேன். வெறுங்காலாக இருந்தால் அது தனக்கு வேலை இல்லை என்று ஞாபகம் வைத்துக்கொள்கிறது. டிராக்டர் வந்தால் நாலு எண்ணுகிறேன். மேம்பாலத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்து, "ஆஃபா, ஃபுல்லா?" என்று கேள்வி வருகிறது. ஃபுல் பிரேக் என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன். வீட்டைப் பூட்டவில்லை.

வண்டி சாலைக்கு வர ஆன விலை பத்தொன்பது லட்சத்து எண்பத்திரண்டாயிரம். ஷோரூம் வண்டியின் பின் பம்பருக்கு ஆறாயிரத்து இருநூறு. ஏழு ஜாடிக்கு ஆயிரத்து ஐநூற்று நாற்பது. ஆக மொத்தம் பத்தொன்பது லட்சத்து எண்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.