ஆறு மணிக்கு நிற்கும் பிரிட்ஜ்

அடுத்தவர் வீட்டு மின்சாரத்தை உட்கார்ந்து பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். என் வேலை அதுதான். வீட்டில் எந்தச் சாமான் எப்போது ஓடுகிறது, எதை எப்போது நிறுத்தினால் மின்சாரம் மிச்சமாகும் என்று தானாகவே கற்றுக்கொள்ளும் மென்பொருள் ஒன்றைப் பெங்களூரில் ஒரு கம்பெனி எழுதுகிறது. அதைக் கண்ணாடி அறைக்குள் வைத்துச் சோதித்தால் போதாது, மனிதர்கள் சமைத்து, துவைத்து, சண்டை போட்டுக் குடியிருக்கும் வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 'லிவிங் லேப்' என்று அதற்கு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். தர்மபுரி மாவட்டத்தில் பன்னிரண்டு வீடுகள் இதற்கு ஒத்துக்கொண்டன. மீட்டர் பக்கத்தில் ஒரு பெட்டி, பிரிட்ஜ், ஹீட்டர் மாதிரியான சாமான்களுக்கும் சுவருக்கும் நடுவில் ஆளுக்கொரு வெள்ளை பிளக். இவற்றை மாட்டிவிட்டு, ஒரு வருடம் ஒழுங்காக நடந்துகொள்கின்றனவா என்று பார்க்க வேண்டியவள் நான்.

தானாக எல்லாம் செய்யும் என்று வாங்கிவந்த ஏதோ ஒன்றுடன் வீட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. உங்களுக்கு வருவது எரிச்சல், எனக்கு வருவது பயம், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் மென்பொருளுக்கு நிறுத்தத் தெரியும். எதை நிறுத்துகிறோம் என்று தெரியாது. நிறுத்தக் கூடாத எதையாவது அது ஒருநாள் நிறுத்திவிடப்போகிறது என்ற பயம் முதல் மாதத்திலேயே என்னோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

நேற்று நாங்கள் என்ன செய்தோம்?

அதியமான்கோட்டையில் மாதையன் வீடுதான் எங்கள் முதல் வீடு. ரோட்டை ஒட்டிய தோட்டத்தில் சாமந்தி போட்டிருக்கிறார். பெட்டியை மாட்டி ஒரு வாரம் கழித்துப் போனபோது, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருப்பது யாரோ பார்ப்பது மாதிரி இருக்கிறதாம். இதில் கேமராவும் கிடையாது, மைக்கும் கிடையாது, எந்தச் சாமான் எப்போது கரண்ட் இழுக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும் என்று தைரியம் சொன்னேன். மாதையன் சிரித்துக்கொண்டே, "அப்படீன்னா நேத்து நாங்க என்ன பண்ணோம், சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும் ஆசை யாரை விட்டது? போனைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். காலை நாலரைக்கு லைட், ஐந்துக்கு மோட்டார், ஆறேகாலுக்கு மிக்சி, பதினொன்றிலிருந்து நாலு வரை பிரிட்ஜைத் தவிர எதுவும் ஓடவில்லை, ஆகவே வீட்டில் ஆள் இல்லை. நான் நிமிர்ந்தபோது மாதையன் முகத்தில் சிரிப்பு இல்லை. கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி சரோஜா துண்டை எடுத்து மறுபடியும் பெட்டி மேல் போட்டார். பிறகு என்னிடம் கேட்டார்: "நாங்க வூட்ல இல்லாதது உங்களுக்குத் தெரியுது, சரிங்க. வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

நாற்பது குஞ்சுகள்

பொம்மிடியில் பச்சியம்மாள் வீடு. ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. அங்கே வீட்டில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் சின்னக் கண் மாதிரியான சென்சார் ஒன்றையும் ஒவ்வொரு அறையிலும் ஒட்டியிருந்தோம். ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் மென்பொருள் அணைத்துவிடும். கேட்பதற்கு எவ்வளவு நல்ல பிள்ளை! மூன்று வாரம் எல்லாம் சுமுகமாக நடந்தது. அறிக்கையில் எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மார்கழிக் குளிரில் ஒருநாள் காலை பச்சியம்மாள் போன் செய்தார். "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க மேடம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. போனேன். சாமான் வைக்கும் அறையில், அட்டைப்பெட்டிக்குள் நாற்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகள். பிறந்து நாலு நாள், அந்த அறைக்கு வந்து ஒரே ராத்திரி. சூட்டுக்காக மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆளில்லாத அறையில் லைட் எரிகிறது என்று எங்கள் நல்ல பிள்ளை அதை அணைத்துவிட்டிருந்தது. குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அடியில் கிடந்த ஐந்து எழுந்திருக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன், புதுக் குஞ்சு வாங்கித் தருகிறேன் என்றேன், என்னென்னவோ உளறினேன். பச்சியம்மாள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. செத்ததைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "உள்ள இருக்கறது குஞ்சுன்னு அதுக்குத் தெரியலையே மேடம், மனுசன்னா மட்டும் தெரிஞ்சிருமா?"

பெங்களூர் போன்

அன்றைக்கே பெங்களூருக்குப் போன் போட்டேன். அங்கே மென்பொருளைக் கையில் வைத்திருப்பவன் மஞ்சுநாத். நான் வீடுகளில் நடப்பதைப் பார்க்கத்தான் முடியும். நிறுத்து என்றோ நிறுத்தாதே என்றோ உத்தரவு போடுவது அவன் கையில் மட்டும்தான். நல்லவன். ஓசூர்க்காரப் பெண்ணைக் கட்டியதால் தமிழும் நன்றாகப் பேசுவான். வீட்டுக்காரரைக் கேட்காமல் இனி எதையும் நிறுத்தக் கூடாது என்று சொன்னேன். கேட்டால் எல்லாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அப்புறம் எதைச் சோதிப்பது என்றான் அவன். அரைமணி நேரம் வாதாடி, பல்புகளை மட்டும் விட்டுவிடச் சம்மதிக்க வைத்தேன். பிரிட்ஜ் விஷயத்தில் அசையவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கரண்ட் இழுக்கும் மாலை நேரத்தில், சரியாக ஆறு மணிக்கு, ஒவ்வொரு பிரிட்ஜும் கால்மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். அதுதான் சோதனையின் உயிரே என்றான். சமாதானமாகச் சொன்னான்: "செல்வி, பிரிட்ஜ் பதினஞ்சு நிமிஷம் நின்னா யாரும் செத்துட மாட்டாங்க."

ஓய்வெடுக்காத பிரிட்ஜ்

பிரிட்ஜுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், நம்மைப் போலவே டீ குடிக்கப் போய்வரும். ஒருநாள் மாலை பொம்மிடியில் வேறொரு வீட்டில் ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தபோது என் போனில் ஒரு எச்சரிக்கை வந்தது. அரூரில் பஷீர் பாய் வீட்டு பிரிட்ஜ் மூன்று நாளாக ஓய்வே எடுக்காமல் ஓடுகிறதாம். நாங்களாக நிறுத்தும் கால்மணி நேரத்தை அந்த எச்சரிக்கை கணக்கில் சேர்க்காது. பாய் அரூரில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருப்பவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமிக்கொண்டேதான் பேசுவார். அவரை அத்தா என்று கூப்பிடும் மகள் ஷபானாதான் ஆப்பெல்லாம் பார்த்துக்கொள்வாள். கதவு ரப்பர் கிழிந்திருக்கும் என்று நினைத்து, 'பிரிட்ஜ் கதவு சரியா மூடலை போலிருக்கு, பாருங்க' என்று அவளுக்கு ஒரு செய்தி தட்டிவிட்டேன்.

ஐந்து மணிக்கு அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. வெயிலில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். கேட்டு முடித்தபோது கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. ஷபானா சாதாரணமாகத்தான் சொல்லியிருந்தாள்: "பிரிட்ஜ நிறுத்தி மூணு நாளாச்சுங்க மேடம். ஆஸ்பத்திரியில இருந்து அத்தாவுக்கு ஆக்சிஜன் மெஷின் குடுத்துவிட்டாங்க, வேற பாயிண்ட் இல்லைன்னு உங்க பிளக்குலதான் மாட்டியிருக்கோம்."

பாங்குக்கு முன்னால்

என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் என்னைவிட வேகமாக ஊகித்திருப்பீர்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் அந்த மெஷினுக்குள்ளும் பிரிட்ஜில் இருப்பது மாதிரியே ஒரு கம்ப்ரசர் இருக்கிறது. அந்த பிளக்குக்கு 'பிரிட்ஜ்' என்று பெயர் வைத்தது நான். மென்பொருள் என் வார்த்தையை அப்படியே நம்பிவிட்டது. ஆறு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. போனில் பார்த்தால், அரூர் வீட்டுக்கு நேராக மூன்று நாளும் மூன்று சிவப்புப் புள்ளிகள்: நிறுத்த உத்தரவு போய்ச் சேர்ந்தது, போய்ச் சேர்ந்தது, போய்ச் சேர்ந்தது. மூன்று நாள், தினம் கால்மணி நேரம், ஒரு மனிதருடைய மூச்சை நான் நிறுத்தியிருக்கிறேன். ஷபானாவுக்குப் போன் செய்தேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மஞ்சுநாத் மீட்டிங்கில் இருந்தான். இரண்டு பேருக்கும் செய்தி அனுப்பினேன், இரண்டும் பார்க்கப்படாமலே கிடந்தன. ஸ்கூட்டரை எடுத்தேன்.

பாப்பிரெட்டிப்பட்டி வழியாக அரூர் போகும் ரோட்டில் அன்று என்னென்ன வண்டிகளை முந்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கரும்பு லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு அழுதது மட்டும் நினைவிருக்கிறது. அப்பட்டமான பயம். என் வேலை போய்விடும் என்ற நினைப்பே வரவில்லை. போய் நிற்கும்போது அந்த வீட்டு வாசலில் கூட்டம் இருக்குமோ என்ற ஒரே நினைப்புதான். அரூர் பஸ் ஸ்டாண்டு நெரிசலைத் தாண்டி அவர்கள் தெரு முனையில் திரும்பியபோது, பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். ஆறு தாண்டிவிட்டது.

வாசலில் கூட்டம் இல்லை. கதவு திறந்திருந்தது. கட்டிலில் பஷீர் பாய் தலையணைகளில் சாய்ந்திருந்தார், மூக்கில் குழாய். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. சுவரோரம் தரையில் ஷபானா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், எங்கள் வெள்ளை பிளக்கின் சின்ன பட்டன் மேல் கட்டைவிரலை வைத்தபடி. அவள்தான் சொன்னாள். முதல் நாள் ஆறு மணிக்கு மெஷின் நின்று அலாரம் கத்தியபோது எல்லாரும் அலறிவிட்டார்களாம். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் எதையெதையோ தட்ட, பட்டன் அமுங்கி, மெஷின் மறுபடி ஓடியதாம். மறுநாளும் அதே ஆறு மணி. அதற்குப் பிறகு யாரும் அலறவில்லை. நான் அடித்து அடித்து ஓய்ந்த அவள் போன் உள் அறையில் சார்ஜில் கிடந்தது.

"கழட்டிட்டு நேரா சுவத்துல மாட்டியிருக்கலாமே?" என்றேன். ஷபானா அலமாரியைக் காட்டினாள். ஒரு வருடத்துக்கு பிளக்கைக் கழற்ற மாட்டோம் என்று அவர்கள் கையெழுத்துப் போட்ட எங்கள் தாள், மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து பத்திரமாக இருந்தது. அந்த வரியை விரலால் தட்டித் தட்டிப் படித்துக் காட்டியவள் நான்தான். எனக்கு ஒரு போனாவது செய்திருக்கலாம் என்றேன். செய்யப் போனாளாம். "மெஷின் தப்புப் பண்ணுதுன்னு சொன்னா அந்தப் பொண்ணு வேலைக்கு ஏதாச்சும் ஆயிரப் போவுது" என்று பாய்தான் தடுத்தாராம். மூச்சுவிடவே முடியாத மனிதர், என் வேலைக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். நான் அந்த பிளக்கைப் பிடுங்கி, மெஷினை நேராகச் சுவரில் மாட்டினேன். மெஷின் மறுபடி உறுமிய பிறகுதான் ஷபானா எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தொழப் போனாள். போகிறபோது, கோபமே இல்லாமல் சொன்னாள்: "தினம் அஞ்சே முக்காலுக்கே வந்து உக்காந்துக்குவேன் மேடம். நீங்க மறக்காம நிறுத்திருவீங்க, நான் மறக்காம போட்டுருவேன்."

மஞ்சுநாத்தின் கேள்வி

மீட்டிங் முடிந்து மஞ்சுநாத் கூப்பிட்டபோது நான் அவர்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவன் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் வேகமாகக் கேட்டது. பன்னிரண்டு வீட்டிலும் நிறுத்தும் உத்தரவையே ரத்து செய்துவிட்டேன் என்றான். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டான்: "செல்வி, மிச்சம் பதினோரு வீட்லயும் பிரிட்ஜ்னு நாம பேர் வெச்சது, பிரிட்ஜ்தானா?"

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், குசலம் விசாரிக்கும் முன்பே நேராகச் சமையலறைக்குப் போய் பிரிட்ஜைத் திறந்து, உள்ளே தக்காளி சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். இந்தப் பெண்ணுக்கு வீட்டில் சோறு போடுவதில்லை போல என்று அவர்கள் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.