யப்பான் பாட்டும் இடது கண்ணும்

உதடுகளுக்கு இடையில் பிடித்திருந்த குண்டூசிகளில் மூன்று தரையில் விழுந்தன. பொறுக்கி மறுபடி வாயில் வைத்தேன். மறுபடியும் இடது கடைவாயால் விழுந்தன.

1987ஆம் ஆண்டு மாசி மாதம். நான் சுவிஸுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆரா நகரில் உடுப்புத் திருத்தும் கடையொன்றில் வேலை. காற்சட்டைக்குக் கீழ்மடிப்பு அளக்கும்போது ஊசிகளை வாயில் கவ்விக்கொள்வது என் பழக்கம். அதற்காகக் கடைக்கார அம்மாவிடம் எத்தனையோ தரம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அன்று அவர் ஏசவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு, வாடிக்கையாளர் உடுப்பைப் போட்டுப் பார்க்கும் பெரிய கண்ணாடிக்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

முகத்தின் இடது பாதி நூல் விட்ட மடிப்புப் போலத் தொங்கியது. கண்களை மூடிப் பார்த்தேன். வலது கண் மூடியது. இடது கண் திறந்தபடியே நின்று, நான் கண்ணை மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்படி ஒரு கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்திய மூன்று நாட்களும் எனக்கு இடது காதுக்குள் குத்து இருந்தது. குளிர்காற்றுப் பட்டுவிட்டது என்று நினைத்துப் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். சுத்த மடைத்தனம். இந்த நோய்க்கு ஆரம்பத்தில் கொடுக்கும் மருந்துதான் கூடுதலாக வேலை செய்யும். பஞ்சைத் தேடாமல் டொக்டரைத் தேடுங்கள்.

என் கணவர் ஹோட்டல் சமையலறையிலிருந்து ஏப்ரனைக் கழற்றாமலே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். எனக்கு இரண்டு வருடம் முந்தி வந்தவர் என்பதால் டொச் (ஜெர்மன்) மொழி ஓரளவு கதைப்பார். பாரிசவாதமா என்று அவர் கேட்டார். டொக்டர் என் காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். உள்ளே சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தனவாம். சிறு வயதில் எனக்குக் கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்திருந்தது. அந்தக் கிருமி நரம்புக்குள் இத்தனை வருடம் தூங்கிவிட்டு இப்போது எழும்பியிருக்கிறது. வந்திருப்பது முகவாதம் (முகத்தை அசைக்கும் நரம்பு செயலிழத்தல்). ஊசிமூலம் கோர்ட்டிசோன் (நரம்பின் வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) ஏற்றினார்கள்.

“வதனி எண்டு பேரை வைச்சுக்கொண்டு வதனத்தைக் கோட்டை விட்டிட்டீரே,” என்றார் கணவர், கட்டில் அருகில் இருந்து. நான் சிரித்தேன். பாதி முகம்தான் சிரித்தது. அதைப் பார்த்ததும் அவர் பகிடியை நிறுத்திக்கொண்டார்.

முகம் கோணியது பெரிய ஆபத்து இல்லை என்று இரண்டாம் நாள் தெரிந்தது. ஆபத்து கண்ணில் இருந்தது. அந்த நரம்பின் ஒரு கிளைதான் கண்ணீரைச் சுரக்கச் செய்கிறது. இமை மூடாமலும் கண்ணீர் சுரக்காமலும் இருந்தால் கருவிழிப் படலம் (கறுப்பு விழியின் மேல் கண்ணாடிபோல் இருக்கும் தோல்) காய்ந்து புண்ணாகும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும், பார்வை போகும். கைக்கடிகாரத்தின் கண்ணாடியைப் போன்ற ஒரு குமிழைக் கண்ணின்மேல் ஒட்டினார்கள். மணிக்கொரு தரம் களிம்பு போட்டார்கள்.

இந்த இடத்தில் என் பிறவிக் குணத்தைச் சொல்ல வேண்டும். நான் ஒரு அழுகுணி. முன்பின் தெரியாதவர்களின் கலியாணத்தில் தாலி கட்டும்போதுகூட அழுவேன். ஊரைவிட்டு வந்த அன்று விமானத்தில் நான் அழுத அழுகையைப் பார்த்து, பக்கத்து இருக்கைக்காரர் தன் கைக்குட்டையைத் தந்துவிட்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார். அப்படிப்பட்டவளின் கண்ணில் தண்ணீர் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

செவ்வாய்க்கிழமை கண் டொக்டர் வந்தார். நரைத்த, அவசரப்படாத மனிதர். கண்ணீர்ச் சோதனை (மையொற்றுத்தாள் போன்ற துண்டைக் கீழிமையில் கொழுவி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று அளத்தல்) செய்தார். வலதில் கொஞ்சம் நனைந்திருந்தது, இடதில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அறைச் சூட்டில் யாருடைய கண்ணும் காயும், இதை வைத்து முடிவெடுக்க முடியாது என்றார். பிறகு பச்சைச் சாயம் ஒரு துளி விட்டு நீல விளக்கால் பார்த்தார். படலத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, கணவரிடம் மெதுவாக ஏதோ விளக்கினார்.

“என்னவாம்?” என்றேன்.

“நரம்பு வேலை செய்யேல்லை எண்டால் தைக்கப்போயினமாம்.”

“எதைத் தைக்கிறது?”

“கண்ணை.”

“முழுக்கவோ?”

“எனக்கும் வடிவா விளங்கேல்லை வதனி. கொஞ்சம் எண்ட மாதிரித்தான் சொன்னவர். நீர் பயப்பிடாதையும்.”

அவருடைய டொச் அந்த இடத்தில் முடிந்துபோயிருந்தது. தையல்காரிக்குத் தெரியும், தைத்ததைப் பிரித்தாலும் துணியில் துளை நிற்கும். ஒற்றைக் கண்ணோடு நேர்த்தையல் ஓடுமா? கடைக்கார அம்மா என் கதிரையை எத்தனை நாளைக்கு வெறுமையாக வைத்திருப்பார்? அன்று இரண்டு தரம் அழுதேன். இரண்டு தரமும் வலது கண்தான் நனைந்தது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது என் முகத்திலேயே நடந்தது.

பக்கத்துக் கட்டிலில் யோஷிகோ இருந்தார். யப்பான்காரி, ஐம்பது வயது இருக்கும். சோலோதுர்னில் ஒரு சுவிஸ்காரரை மணந்து வாழ்ந்துவந்தார். காதின் சிற்றெலும்பு இறுகிப்போனதால் வலது காதில் சத்திரசிகிச்சை செய்து பெரிய கட்டுப் போட்டிருந்தார்கள். இடது காதில் வோக்மனின் (கையடக்கக் கசற் பெட்டி) குமிழைச் செருகிக்கொண்டு, சிவந்த கண்களோடு நாள் முழுக்கப் பாட்டுக் கேட்பார். மற்றக் குமிழ் மடியில் சும்மா கிடக்கும்.

புதன்கிழமை அதை என் பக்கம் நீட்டினார். எனக்கு இடது காது ஆகாது, அவருக்கு வலது ஆகாது. அவருடைய இடப்பக்கத்தில் நான் இருந்ததும் இரண்டு நல்ல காதுகளும் பக்கத்தில் வந்தன.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை டொச்.

“தங்கச்சி அனுப்பின கசற்,” என்றார். “எல்லாம் அழுகைப் பாட்டு. எனக்கு அழ விருப்பம்.”

எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. ஒரு பெண் குரல், பின்னால் மெல்லிய தந்தி வாத்தியம். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குரல் நடுங்கி, உடைவதற்கு முன் நின்றது. துறைமுகம், பனி, திரும்பி வராத ஆள் என்று யோஷிகோ கையாலும் டொச்சாலும் விளக்கினார். விளக்கம் வருவதற்கு முன்பே என் வலது கன்னம் நனைந்துவிட்டது. மொழி தெரியாத பாட்டுக்கு ஏன் அழுதேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தக் குரல் எதையோ கெஞ்சியது, கிடைக்காது என்றும் அதற்குத் தெரிந்திருந்தது.

திரும்பத் திரும்ப ஒரு சொல் வந்தது. எனக்குக் ‘கண்ணசை’ என்று கேட்டது. முகப்பயிற்சி கொடுக்க வருகிறவர் ஒவ்வொரு காலையும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொல்வார்: கண்ணை அசை. யப்பானில் இருந்தும் எனக்குக் கட்டளை வருகிறது என்று நினைத்து, அந்தச் சொல் வரும்போதெல்லாம் இமையை மூட முயன்றேன். யோஷிகோ என்னை வியப்பாகப் பார்த்தார். விசயத்தைச் சொன்னதும் காதுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“கனஷீ,” என்றார். “கண் இல்லை. துக்கம்.”

அதன் பிறகும் நான் கண்ணை அசைப்பதை விடவில்லை.

வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க எனக்கு ஒரு களவு எண்ணம் வந்தது. சோதனை நடக்கும் ஐந்து நிமிடமும் ஓவென்று அழுதுவிட்டால் என்ன? தாள் நனையும், டொக்டர் போய்விடுவார், தையலும் இல்லை. யோஷிகோவிடம் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை டொக்டர் இரண்டு கண்ணிலும் தாளைக் கொழுவிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். வோக்மனை அனுமதிக்கமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் பாடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சட்டம் இல்லை. யோஷிகோ தாழ்ந்த குரலில் தொடங்கினார். கசற்றில் பாடியவளைவிட மோசமான குரல். ஒரு காது அடைபட்டிருந்ததால் சுருதியும் விலகியது. அதுவே எனக்குத் தாங்கவில்லை. கணவர் சுவரோடு ஒட்டி நின்றார். தாதி மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த ஐந்து நிமிடத்தைப் போல நீளமான நேரத்தை அதற்கு முன் நான் அறியவில்லை.

டொக்டர் இரண்டு தாளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். வலது தாள் நுனி வரைக்கும் ஊறி வழிந்தது. இடது தாள் போட்டபடியே காய்ந்திருந்தது.

“நீங்கள் அழுதிருக்கிறீர்கள்,” என்றார். கோபம் இல்லை. “நன்றி. இனி எனக்குச் சந்தேகம் இல்லை.”

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கண்ணால் கெட்டேன். செவ்வாய்க்கிழமை தெரியாதிருந்ததை நானே அழுது நிரூபித்துவிட்டேன். பச்சைச் சாயம் விட்டுப் பார்த்தபோது கீறல் ஆழமாகியிருந்தது. அழாமல் இருந்திருந்தால் இன்னொரு கிழமை காத்திருந்திருப்பேன், அதற்குள் கண் போயிருக்கும் என்று டொக்டர் பிறகு சொன்னார். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்: சோதனையை ஏமாற்றப் பார்க்காதீர்கள். நான் தப்பியது என் கெட்டித்தனத்தால் அல்ல.

அன்று பின்னேரமே இமையின் வெளி ஓரத்தை விறைக்கச் செய்து தைத்தார்கள். மூன்றில் ஒரு பங்குதான். என்ன நூல் என்று கேட்டேன். பட்டு என்றார். கூறைச் சேலைக்குப் பிறகு என்மேல் பட்ட பட்டு அதுதான்.

யோஷிகோவின் கட்டு சனிக்கிழமை அவிழ்ந்தது. வலது காது கேட்கவில்லை. “பாட்டுக்கு ஒரு காது போதும்,” என்றார். போகும்போது கசற்றை என் கையில் வைத்து, கண் திறந்ததும் திருப்பித் தரச் சொன்னார்.

நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வரை வளரலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து அளவு நாடாவை எடுத்து ஒரு மில்லிமீட்டர் கோட்டைப் பார்த்தேன். அதுவரை கிழமைக் கணக்கில் வாழ்ந்தவள் அன்றிலிருந்து மில்லிமீட்டரில் வாழத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கசற்றைப் போட்டுக் காத்திருப்பேன். வலது கண் அழும். இடது அசையாது.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம் தேசிக்காய் ஊறுகாயைத் தொட்டு வாயில் வைத்தேன். இடது கன்னத்தில் சூடாக ஏதோ ஓடியது.

“உறைப்போ?” என்றார் கணவர்.

“இஞ்சாருங்கோ, இடது கண்!”

ஓடிப்போய்க் கசற்றைப் போட்டார். இடது கண் காய்ந்துவிட்டது. சோற்றை வாயில் வைத்தால் ஓடியது. டொக்டர் விளக்கினார்: எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய நரம்பிழை வழிதவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதற்கு மருத்துவத்தில் வைத்திருக்கும் பெயரே முதலைக் கண்ணீர்தான். இமை மூடப் பழகியிருந்ததால் தையலைப் பிரித்தார். பார்வை தப்பியது. துக்கத்துக்கு இடது கண் இனி அழுமா என்று கேட்டேன். எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

கடை வேலை திரும்பக் கிடைத்தது. சாப்பிடும்போது இடது கண்ணைத் துடைப்பதும் பழகிவிட்டது. செத்தவீட்டுச் சோற்றுக்கு நான் அழுவதைப் பார்த்து இங்குள்ள ஊர்ச்சனம் என்னை உத்தமி என்றது. கணவர் மட்டும், நான் அழுகிறேனா என்று அறிய என் வலது கண்ணைப் பார்ப்பார்.

அடுத்த வருடம் வைகாசியில் கசற்றைத் திருப்பி அனுப்ப முகவரி கேட்டு, ஆஸ்பத்திரி மூலமாக யோஷிகோவுக்கு எழுதினேன். பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்நாள் வந்தது. ஓட்டை டொச், நான்கு வரி. இடது காதும் நின்றுவிட்டதாம். கசற்றை நீயே வைத்துக்கொள், எனக்கு இனித் தேவைப்படாது என்று எழுதியிருந்தார்.

ஒன்றும் சொல்லாமல் மறுநாள் சமைத்துப் பரிமாறினேன். இடது கண் வழக்கம்போல ஓடியது. கணவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை நின்றது.

“என்னப்பா, வலதும் நனைஞ்சிருக்கு. என்ன நடந்தது?”

கடிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். சோற்றுக் கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து வாயைத் துடைத்தேன். அவர் வாசித்து முடித்தார். நான் வாயில் எதுவும் வைக்காமல் இருந்தேன். ஐந்து நிமிடம் போயிருக்கும்.

“வதனி,” என்றார் அவர், சத்தம் போட்டால் நின்றுவிடும் என்று பயந்தவர் போல. “இரண்டு கண்ணாலையும் அழுறீர்.”