மாடிச் சபையை மூட்டை கட்டியவள்

சபையில் அவளுக்குப் பேர் பேக்கிங் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. லாரி வருவதற்கு முந்தின நாளே போய், ஒரு குடும்பத்தின் சாமான் அத்தனையையும் அட்டைப்பெட்டிகளுக்குள் அடக்கிவிட்டு வர வேண்டும். தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்துக் கட்டுவாள். கண்ணாடி டம்ளரின் வயிற்றுக்குள் காகிதத்தைத் திணிப்பாள். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தாலும் டேப்பைப் பல்லால்தான் கடித்து அறுப்பாள். முன்பல் ஒன்று அதனாலேயே ஓரம் தேய்ந்து போயிருந்தது.

ஊரார் வீட்டு அலமாரிகளைத் திறந்து திறந்து அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. வீடு மாறுகிறவர்கள் எதற்கும் உதவாத ஒன்றைத்தான் பத்திரமாகத் தனியே எடுத்து வைத்துக்கொள்வார்கள். சாவி தொலைந்த பூட்டு, காது உடைந்த கோப்பை, ஓடாத கடிகாரம். அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, ஏன் என்றும் கேட்கக் கூடாது. இது அவளாகவே வைத்துக்கொண்ட சட்டம்.

சபை இடம் மாறப் போகிறது என்று போதகர் அறிவித்ததும் எல்லோர் தலையும் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பக்கம் திரும்பியதில் ஆச்சரியமில்லை.

அதுவரை சபை இருந்தது ஒரு சலவைக்கடையின் மாடியில். கீழே பெரிய பெரிய இயந்திரங்கள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் சுற்றிக்கொண்டிருக்கும். துணி பிழியும் வேகம் ஏறும்போது மேலே பிரசங்க பீடத்தில் வைத்திருக்கும் தண்ணீர் டம்ளர் தானாக நகரும். போதகர் பேச்சை நிறுத்தாமலே அதைக் கையால் உள்ளே தள்ளி வைப்பார். மழை பெய்தால் கூரை நாலைந்து இடத்தில் ஒழுகும், வாளிகள் வரிசையாக உட்காரும். படிக்கட்டோ செங்குத்து, நடுவில் ஒரு திருப்பம் வேறு. கடைக்காரருக்குத் தொழில் பெருத்துவிட்டது, மாடியும் தேவைப்பட்டது. சண்டை சச்சரவு இல்லாமல், வேண்டிய அவகாசமும் கொடுத்துத்தான் கேட்டார்.

புது இடமும் சீக்கிரமே அமைந்தது. இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில், டைல்ஸும் குழாய்களும் விற்றுக்கொண்டிருந்த ஒரு காட்சிக்கூடம். கடை வேறு இடத்துக்குப் போய்விட்டது, ஆனால் தரையை விட்டுவிட்டுப் போயிருந்தது. மாதிரிக்காகப் பதித்த தரை அது: ஒரு கட்டம் பச்சை, அடுத்தது சாம்பல், அதற்கடுத்து மரம் மாதிரி, அப்புறம் மீன் படம் போட்டது. ஒரு சுவர் முழுக்கத் தண்ணீரே வராத குழாய்கள். பார்த்துவிட்டு வந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருந்தாலும் எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. படி ஏற வேண்டாம் என்ற ஒன்றே போதுமாக இருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு கூட்டம் வைத்தார் போதகர். இந்த அறையில் கடவுள் உங்களுக்கு என்ன செய்தார், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றார். தையல்காரர் தன் கண் அறுவை சிகிச்சையைச் சொன்னார். தபால்காரர் தன் மகளுக்குப் பிள்ளை பிறந்ததைச் சொன்னார். பேக்கிங் அக்காவின் கணவரான லிஃப்ட்காரர் எழுந்து, ஊரில் இருக்கிற லிஃப்ட்டை எல்லாம் ரிப்பேர் பண்ணுகிற தன்னைக் கடவுள் இந்தப் படிக்கட்டில் மூச்சு வாங்க வைத்துத் தாழ்மையைக் கற்றுக் கொடுத்தார் என்றார். அறையே சிரித்தது.

பேக்கிங் அக்காவின் முறை வந்தபோது அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சொல்ல ஒன்றுமில்லாமல் இல்லை. சொன்னால் அழுகை வந்துவிடும், அப்புறம் காரணமும் கேட்பார்கள்.

லிஃப்ட்காரர் ஒரு காலத்தில் மொடாக்குடிகாரர். அடிக்கிற ரகமில்லை, மன்னிப்புக் கேட்கிற ரகம். வாசலில் கிடக்கும் செருப்புகளிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவற்றின் மேலேயே படுத்துத் தூங்கிவிடுவார். வேலை போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. மகள் விளக்கை அணைக்காமல் தூங்கப் பழகிக்கொண்டாள். பேக்கிங் அக்கா மட்டும் ஞாயிறு தவறாமல் தனியாக மாடி ஏறி வந்து, மற்றவர்கள் முகத்தைப் பார்க்காமல் ஜெபித்துவிட்டுப் போவாள்.

அப்படி ஒரு ஞாயிறு, பிரசங்கம் பாதியில் இருக்கும்போது, படிக்கட்டில் தடதடவென்று சத்தம். லிஃப்ட்காரர் உள்ளே வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்றுக்கொன்று மாறிக் கிடந்தது, முந்தின நாள் வாடை இன்னும் போகவில்லை. யாரையும் பார்க்காமல் நேரே நடந்து, பீடத்துக்கு முன்னால் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் முழங்கால் போட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். தரை பிளந்து தான் கீழே சலவை இயந்திரத்துக்குள் விழுந்துவிட்டால்கூட நல்லது என்று பேக்கிங் அக்காவுக்கு இருந்தது. போதகர் புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி வந்து, அவரும் பக்கத்தில் முழங்கால் போட்டார்.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு லிஃப்ட்காரர் ஒரு சொட்டு தொடவில்லை. வேலை நிலைத்தது, வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது, மகள் படித்து வேலைக்கும் போய்விட்டாள்.

பேக்கிங் அக்கா அன்றிலிருந்து அந்தக் கம்பளத்தை மிதித்ததில்லை. சுற்றிக்கொண்டு போவாள். கடவுள் எங்கும் இருக்கிறார் என்று வாய் சொன்னாலும், அவள் மனதில் அவருக்கு ஒரு விலாசம் இருந்தது: சலவைக்கடை மாடி, பீடத்துக்கு முன்னால். அந்த விலாசத்தைத்தான் இப்போது காலி செய்யச் சொல்கிறார்கள். அந்த அறை பிடித்து வைத்திருக்கிற மனுஷனை, அறையை விட்டபின் யார் பிடித்து வைப்பது?

இந்தப் பயத்தை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. கை மட்டும் சுணங்கியது. ஒரு நாளில் ஒரு வீட்டையே கட்டி முடிக்கிறவள், பாட்டுப் புத்தகங்களைக் கட்டுவதற்கே வாரக்கணக்கில் இழுத்தாள். பெட்டி அளவு சரியில்லை என்றாள், டேப் ஒட்டவில்லை என்றாள். சபைச் செயலாளர் தவிப்போடு வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் லிஃப்ட்காரர் வீடு திரும்ப வெகு நேரமாயிற்று. வந்ததும் பையை வாங்குகிற சாக்கில் அவள் கிட்டே போய் மூச்சை முகர்ந்து பார்த்தாள். வெங்காய வாடை மட்டும்தான் அடித்தது. லிஃப்ட்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டதாகச் சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார். தன் மூக்கை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. பாஸ்டரம்மா, அதாவது போதகரின் மனைவி, கம்பளத்தை நுனிவிரலால் தூக்கிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். மழைத்தண்ணீர் குடித்துக் குடித்துப் பூஞ்சை பிடித்திருந்தது. ஓரங்களை எலி கடித்திருந்தது. இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் அக்கா, அங்கேதான் தரை பளபளவென்று இருக்கிறதே என்றார். அக்காவும் சரி என்றாள். அவர் அந்தப் பக்கம் போனதும் கம்பளத்தைச் சுருட்டி, குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளில் நாலு சுற்றுச் சுற்றி, பெட்டியில் இறக்கி, மேலே பெரிதாக எழுதினாள்: கண்ணாடி, கவனம்.

மத்தியானம் எல்லோரும் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார்கள். அவளும் லிஃப்ட்காரரும்தான் மாடியில் மிச்சம். அவர் கூரை விசிறிகளைக் கழற்றி முடித்துவிட்டு, சீட்டியடித்தபடி பெட்டிகளை வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டியைத் தூக்கியவர் நின்றார். லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"கண்ணாடின்னு எழுதியிருக்க. சத்தமே வரல, நாத்தம்தான் வருது."

அவர் டேப்பைப் பிரித்துப் பார்த்தார்.

"இது எதுக்கு நமக்கு?"

"நீங்க முட்டி போட்ட இடம்" என்றாள். அதற்கு மேல் அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டினாள். அறையை விட்டுப் போனால் பழையபடி ஆகிவிடுமோ என்ற பயம், மூச்சை முகர்ந்தது வரைக்கும். பேசும்போது கைகள் தம்பாட்டுக்கு ஒரு பெட்டியின் மூடியை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன.

லிஃப்ட்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு இங்க அழுதது நிஜம். அதை நான் மறக்கல. ஆனா அடுத்த நாள் காலையில வேலைக்குப் போனேன் பாரு, கை நடுங்கி ஸ்க்ரூ பிடிக்க முடியல. அப்ப இந்தக் கம்பளமா கூட இருந்துச்சு? மொட்டைமாடியில லிஃப்ட் மோட்டார் ரூம்ல நான் மட்டும்தான். கதவைச் சாத்திக்கிட்டு அங்கேயே முட்டி போட்டேன். கிரீஸ் துணிதான் விரிப்பு."

"அடுத்த நாளுமா?"

"இன்னிக்கு வரைக்கும். இந்த ஊர்ல எத்தனை கட்டடத்து மோட்டார் ரூம்ல முட்டி போட்டிருக்கேன்னு எனக்கே தெரியாது. பஸ்ல நின்னுக்கிட்டும் ஜெபம் பண்ணியிருக்கேன். நான் குடிச்ச பழைய சாராயக்கடை இருக்கிற தெரு வழியா வரவே கூடாதுன்னு ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்து வரேன். குடியை நான் ஒரு நாள் விட்டேன்னு நீ நினைச்சுக்கிட்டிருக்க. நான் தினமும் விடறேன். கடவுளும் தினமும் வராரு. படிக்கட்டும் கேக்கல, லிஃப்ட்டும் கேக்கல."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"தினமும் விடறேன்னு சொன்னா நீ தினமும் பயப்படுவே. நிம்மதியா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

"நான் நிம்மதியா இருந்தேன்னு நினைச்சீங்களா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. இத்தனை வருஷமாக அவள் பயந்தது அவருக்குத் தெரியவில்லை, அவர் போராடியது அவளுக்குத் தெரியவில்லை. ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து, ஒரே ஆளிடம் தனித்தனியாக மன்றாடியிருக்கிறார்கள்.

"நீ மோந்து பார்த்தது அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார் அவர். "வெங்காய பக்கோடா தின்னுட்டு வந்தேன். நீ மூஞ்சியத் திருப்பினதைப் பார்த்து எனக்குத்தான் பாவமா இருந்துச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பளத்தைத் தானே பெட்டியிலிருந்து வெளியே இழுத்தாள். படிக்கட்டு வழியாகக் கீழே கொண்டு போனபோது, சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர் எட்டிப் பார்த்து, தூக்கி எறிவதாக இருந்தால் கொடுங்கள், இயந்திரத்துக்கு அடியில் தண்ணீர் கசிகிறது, போட்டுக்கொள்கிறேன் என்றார். கொடுத்தாள். அவர் அதை விரித்து, ஈரக்காலால் இரண்டு மிதி மிதித்து அமுக்கினார். நெஞ்சில் ஏதாவது சுருக்கென்று தைக்கும் என்று எதிர்பார்த்து அவள் நின்றாள். ஒன்றும் தைக்கவில்லை. பசிதான் எடுத்தது.

சாயங்காலத்துக்குள் மிச்சம் மீதி அத்தனையும் பெட்டிக்குள் போய்விட்டது. காலையில் ஆடி அசைந்துகொண்டிருந்தவள் இவள்தானா என்று செயலாளர் வாயைப் பிளந்தார். எல்லாம் இறங்கியபின் போதகர் வெறும் அறையில் ஒரு முறை சுற்றி வந்து, அவளிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: இந்த இடம் போனால் சபையே சிதறிவிடுமோ என்று பல நாள் தூக்கம் வரவில்லையாம். இன்று பெட்டி தூக்க வந்த கூட்டத்தைப் பார்த்தபின் அந்தக் கவலை போயிற்றாம். கவலை அவருக்கும் இருந்தது என்று கேட்டதில் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது.

மறுநாள் புது இடத்தில் முதல் ஆராதனை. படி ஏற முடியாமல் பல காலமாக வீட்டிலேயே இருந்த தபால்காரரின் அம்மா சக்கர நாற்காலியில் வந்து, மீன் படம் போட்ட கட்டத்தின் மேல் நிறுத்தச் சொன்னார். பிள்ளைகள் சுவர்க் குழாய்களைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்க, போதகரின் கை மட்டும் பழக்க தோஷத்தில் அதை அவ்வப்போது தள்ளப் போயிற்று.

ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். கண்ணை மூடி நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த பேக்கிங் அக்கா எழுந்து போனாள்.

"வாஷ்பேசின் பார்க்க வந்தோம்" என்றான் அவன், தணிந்த குரலில்.

கடை மாறிவிட்டது என்று சொல்லி, அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய் வழி சொன்னாள். சொல்லிப் புரிய வைக்க முடியாத வழி அது. சரி வாங்க என்று அவளே தெருமுனை வரைக்கும் நடந்தாள். போகிற வழியில் அந்தப் பெண் புது வீடு கட்டுவதைப் பற்றிப் பேசினாள், இவள் சாமான் கட்டுவதைப் பற்றிச் சொன்னாள். வீடு மாறும்போது கூப்பிடச் சொல்லிக் கம்பெனி நம்பரையும் கொடுத்தாள். பேச்சு சுவாரஸ்யத்தில் முனை தாண்டி இன்னொரு முனையும் வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது ஆராதனை முடிந்து, ஜனங்கள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் வாசலில் நின்று அவளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்ட?"

"வாஷ்பேசின் கடைக்கு வழி காட்டப் போனேன்."

"நல்லா இருக்கு" என்றார் அவர். "உள்ள வா. உன் பெட்டியை எல்லாம் எங்க வைக்கிறதுன்னு பாஸ்டரம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.