என் காலில் விழ மறுத்த ஓட்டோக்காரி: மடுல்கெல்லவில் ஒரு பகல்

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணை அள்ளி முகர்ந்தால், நான் படத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவேன். சின்னச் செலவில் எடுக்கும் இந்தியப் படங்கள்மேல் எனக்கு ஐம்பத்திரண்டு வயதிலும் தீராத கிறுக்கு உண்டு. அதிலும் ஊர் திரும்புகிறவர்கள் கதை என்றால் சோறு வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் துணிச்சலாகப் பேசுவார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் பயம் வந்துவிடும். லண்டனில் தனியாக வாழ்ந்த பெண் சேலை கட்டிக்கொண்டு ஊர்ப் பெரியவர் காலில் விழுவாள். பின்னணியில் நாதஸ்வரம்.

இப்படி ஒரு படத்தை இந்த வலைப்பூவில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன். அதை இயக்கிய சென்னைப் பையனே பெப்ரவரியில் அழைத்தான்: "சார், அடுத்த படம் உங்க கண்டிப் பக்கம்தான் ஷூட் பண்றோம். நேர்ல வந்து திட்டுங்க." இவ்வளவு மரியாதையாக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

கொழும்பிலிருந்து காலை முதல் ரயில். கண்டியில் இறங்கி, பன்வில போகும் பஸ். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கேட்டால் நிற்கும் இடத்தைக் காட்டுவார்கள். ஒன்றரை மணி நேரம், வத்தேகம வழியாக. சில்லறை கொண்டுபோங்கள், ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டி நடத்துநரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. இன்னொரு வெட்கக்கேடு: நான் கண்டியில் பிறந்தவன். அப்பா நகரத்தில் புடவைக்கடை வைத்திருந்தார். மடுல்கெல்லத் தோட்டத்துச் சனம் சம்பள நாளில் எங்கள் கடைக்கு வரும். நாங்கள் ஒருநாளும் அங்கே போனதில்லை.

பன்வில சந்தியில் இருந்து மலையேற ஓட்டோதான் வசதி. காத்திருந்து திரும்பக் கொண்டுவிட மூவாயிரம் என்று பேசினேன். ஓட்டியவர் பெயர் புஷ்பம். நாற்பது வயதிருக்கும், ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய முடி. வம்பு கேட்காமல் என்னால் மூன்று வளைவு தாண்ட முடியாது.

"முடி ஏதும் நேர்த்திக்கடனா?"

"குவைத்துல ஒரு வெயில் ஐயா. வெட்டுனேன். சொகமா இருந்திச்சு, அப்படியே விட்டுட்டேன்."

"ஊருல ஒண்ணும் சொல்லலியா?"

"என் முடி போனதுல அவங்களுக்குத்தான் தல கனக்குது."

சொன்னார். குவைத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்து ஓட்டோ எடுத்திருக்கிறார். வெட்டிய முடி, ஆண்கள் ஓட்டும் வண்டி இரண்டையும் பார்த்துத் தோட்டத்துத் தலைவருக்குப் பொறுக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தேங்காய் பழத்தட்டு கோயிலுக்குப் போகும். புஷ்பம் வீட்டுத் தட்டை வாங்க மாட்டோம் என்றுவிட்டார். கோயில் வாசலில், எல்லோர் முன்னாலும், தலைவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் வாங்குவார்களாம்.

"என்னத்துக்கு மன்னிப்பு?"

"அத நானும் கேட்டேன். மொதல்ல விழு, பொறகு சொல்றோம்னாங்க." ரெண்டு திருவிழா போய்விட்டது, புஷ்பம் விழவில்லை.

மலைமேல் போய் இறங்கினால், படப்பிடிப்பு அதே கோயில் வாசலில். கதையில் அது நீலகிரிப் பக்கத்து ஊராம். ஒன்பது பேர் கொண்ட குழு, ஒரே ஒரு கமரா, தேயிலைக் கூடையில் வைத்த மைக். வேடிக்கை பார்க்க வந்த சனத்தையே ஊர்ச்சனமாக நிறுத்தியிருந்தார்கள். கூட்டிவந்தவர் தலைவர். ஊர்ப் பெரியவர் வேடமும் தனக்குத்தான் என்று சலவை வேட்டியோடு நின்றவரைத் தாண்டி, இயக்குநரின் கண் என் வயிற்றில் வந்து நின்றது.

"சார்! இந்தத் தொப்பையதான் ஒரு வாரமாத் தேடுறேன்!"

விமர்சகனை வாயடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கால் மணி நேரத்தில் எனக்குச் சந்தனம் பூசி, ஒட்டு மீசை வைத்து, கதிரையில் உட்கார்த்திவிட்டார்கள். தலைவர் கடுகடுவென்று என் முதுகுக்குப் பின்னால் கூட்டத்தோடு நின்றார்.

அப்போதுதான் தெரிந்தது, எடுக்கப்போவது கடைசிக் காட்சி என்று. லண்டனிலிருந்து முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்த நாயகி பெரியவர் காலில் விழுகிறாள். அட பாவி, மறுபடியுமா! நாயகியோ வயிற்றுப்போக்கில் பேராதனை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் குழுவுக்கு விமானம். இயக்குநர் தலையில் கைவைத்தபோது தலைவர் பின்னாலிருந்து நாசூக்காகச் சொன்னார்:

"அந்த ஓட்டோக்காரிய நிக்க வைங்களேன் தம்பி. அவ தலையும் அப்படித்தான் இருக்கு."

எனக்கு அவர் கணக்குப் புரிந்தது. என் காலில் விழுந்தால் எனக்குப் பின்னால் நிற்பவர் காலிலும் விழுந்த மாதிரிதான். தோட்டமே சாட்சி, போதாததற்குப் படமும் பிடித்தாகிவிடும்.

நடந்து வந்தால் போதும் என்று நினைத்துப் புஷ்பம் நாயகியின் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். விழவேண்டும் என்றதும் நின்றுவிட்டார்.

"மேடம், உங்க மூஞ்சியே தெரியாது. முதுகு மட்டும்தான்," என்று கெஞ்சினான் இயக்குநர்.

"முதுகுன்னாலும் என் முதுகுதானே சார்?"

மலைக்கு மேலிருந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. இயக்குநர் அதைப் பார்த்தான், கைகூப்பினான். புஷ்பம் என் தலைக்கு மேலாகத் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, கமராவ ஓடவிடுங்க. நடந்து வர்றேன்."

வந்தார். என் பெருவிரலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். நான் கையை ஆசீர்வாதமாகத் தூக்கி வைத்திருந்தேன்; அது அந்தரத்திலேயே நின்றது.

"ரெண்டு திருவிழா போச்சு," என்றார் புஷ்பம். "இன்னும் இருவது போனாலும் நிமிந்துதான் நிப்பேன். பாத்துக்கங்க."

திரும்பி நடந்தார்.

"புடிங்கடி அவள!" என்று தலைவர் கத்தினார். பெண்கள் அசைந்தார்கள்தான்: இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், நடுவில் வழி விட்டு. ஒருத்தி அவர் சேலைத் தலைப்பு மண்ணில் படாமல் தூக்கியும் விட்டாள். ஓட்டோ உறுமியது.

அந்த நொடியில் எனக்கு மூன்று விஷயம் ஞாபகம் வந்தது. கடைசி பஸ் போய்விட்டது. என் பை ஓட்டோவுக்குள் இருக்கிறது. எனக்குப் பின்னால் நிற்பவர் மூச்சு நெருப்பாக அடிக்கிறது. கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"புஷ்பம்! ஏய் புள்ள! என்னையும் ஏத்திக்க!"

ஒட்டு மீசை பாதி வழியில் விழுந்தது. இரண்டாவது வளைவில் நிறுத்தினார்.

"கால்ல விழுந்தா ஏத்துவேன்."

"குனிஞ்சா எழும்ப மாட்டேன். வயித்தப் பாரு."

சிரித்துக்கொண்டே உள்ளே இடம் காட்டினார். இறங்கும் வழியில் கேட்டேன், இந்த வருடமாவது தட்டை வாங்குவார்களா என்று.

"வாங்க மாட்டாங்க. நான் கொண்டுபோவேன். வாங்காட்டி அவங்க கைதானே சும்மா கெடக்கும்?"

நாயகியின் சேலையை மறுநாள் நான்தான் கண்டியில் குழுவிடம் ஒப்படைத்தேன். இயக்குநர் முகம் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து அழைத்தான். பனி மூடியதால் வேறு எதுவும் எடுக்க முடியவில்லையாம். கமராவை நிறுத்த மறந்த பையனுக்குச் சம்பளம் கூட்டிவிட்டானாம். புஷ்பம் சம்மதம் கொடுத்துவிட்டார், முகமும் தெரியட்டும் என்று.

"சார், பெரியவர் அவ பின்னாடியே வேட்டியத் தூக்கிட்டு ஓடுறார் பாருங்க, படம் அங்கதான் முடியுது. நாதஸ்வரத்த எடுத்துட்டேன்."

போகிறவர்களுக்கு: மடுல்கெல்ல கண்டியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். பிற்பகல் மூன்றுக்கு மேல் பனி இறங்கும், கம்பளிச் சட்டை அவசியம். அட்டைக்கடிக்கு உப்பு. தொப்பையை மறைக்கும் சட்டை ஒன்றும் நல்லது. பன்வில சந்தியில் முடி வெட்டிய பெண்ணின் ஓட்டோ நின்றால் பேரம் பேசாமல் ஏறுங்கள். திருவிழா நேரம் போனால், கோயில் வாசலில் தட்டோடு அவர் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். பின்னால் தொப்பையோடு ஒருவன் இன்னொரு தட்டு வைத்துக்கொண்டு நிற்பான். அவனுடையதையும் வாங்க மாட்டார்கள்.